அசையும் சித்திரமும் மக்களின் நம்பிக்கையும்

(திருவனந்தபுரத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்று, பணிக்காலத்தைக் கோப்புகளோடும் புள்ளிவிவரங்களோடும் கழித்துவரும் ஒருவன் சித்திரங்களின் அசைவைப் பற்றிப் பேச முற்படுவது உங்களிற் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் இப்பொருளுக்கும் என் துறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தடுப்பூசி, தாய்சேய் நலம், வங்கிக் கணக்கு, பயிர்க் காப்பீடு, புயல் எச்சரிக்கை ஆகியவற்றை மக்களுக்கு விளக்க அரசுத் துறைகள் இன்று அசைவூட்டப் படங்களைப் பெரிதும் நாடுகின்றன. கார்ட்டூன் படம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இவை தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்குச் செலவாவது பொதுப்பணம். பொதுப்பணம் செலவாகும் இடத்தில் அதனால் விளையும் பயன் யாது என்று வினவுவது பொருளாதாரம் பயின்றவனின் கடமையாகும்.

இப்படங்களிற் சிலவற்றை மக்கள் கண்கொட்டாமல் பார்க்கின்றனர். அவை சொல்வதை நினைவில் வைத்து நடக்கின்றனர். வேறு சிலவற்றில் வண்ணங்களுக்கும் இசைக்கும் குறைவில்லை. ஆயினும் உருவங்கள் காகிதப் பொம்மைகளைப் போலத் திரையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு வழுக்கிச் செல்கின்றன. பார்ப்பவர் மனம் அவற்றில் ஒட்டுவதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அசைவின் தன்மையைப் பொறுத்தது. அந்தத் தன்மைக்குச் சில அடிப்படை விதிகள் உண்டு. அவை கலைஞர்களுக்கு மட்டும் உரிய இரகசியங்கள் அல்ல. படத்துக்கு ஒப்புதல் அளிக்கும் அலுவலரும் அவற்றை அறிந்திருத்தல் நலம்.

அசைவு மனத்தில் பிறக்கிறது

திரையில் எதுவும் உண்மையில் அசைவதில்லை. நிலையான படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. அவற்றை இணைத்து அசைவாகக் கொள்வது பார்ப்பவரின் மனமே. இந்தத் தோற்ற அசைவைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வை ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் 1912இல் வெளியிட்டார். அதே ஆண்டில் நம் நாட்டில் தாதாசாகேப் பால்கே வேறொரு வகையில் இதே உண்மையைப் பயன்படுத்தினார். தொட்டியில் விதைத்த பட்டாணி முளைத்துச் செடியாவதை அவர் இடைவெளி விட்டு ஒவ்வொரு சட்டமாகப் பல நாட்கள் படம் பிடித்தார். ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட வளர்ச்சி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் திரையில் நிகழ்ந்தது. அதைக் கண்டு நம்பிக்கை கொண்டவர்கள் அவருடைய முதற் படமுயற்சிக்குக் கடன் தர முன்வந்தனர். நம் திரைப்படத் தொழிலின் முதல் மூலதனம் நம்பத்தக்க ஓர் அசைவைக் காட்டிப் பெறப்பட்டது என்று கூறினால் அது மிகையாகாது.

அசைவைப் பார்ப்பவரே முடித்து வைக்கிறார் என்பதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. அவர் உலகில் நாள்தோறும் கண்டுவரும் அசைவுகளோடு திரையின் அசைவு பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் காரணம் சொல்லத் தெரியாமலேயே அவர் அதை ஏற்க மறுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் ஒரு குடம் நிறைந்திருக்கிறதா, வெறுங்குடமா என்பதை அதைச் சுமப்பவரின் நடையைக் கொண்டே அறிவார். இந்த அறிவைக் குறைவாக மதிப்பிடும் படம் தோல்வியடைகிறது.

இக்கலை இங்கு வளர்ந்த வழி

சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசின் திரைப்படப் பிரிவு பம்பாயில் கார்ட்டூன் பகுதி ஒன்றை ஏற்படுத்தியது. அமெரிக்கத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ், வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1956இல் இங்கு வந்து இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். அக்குழுவின் முதல் படைப்பு ஜாதகக் கதையை ஒட்டிய ‘பேன்யன் டீர்’ என்ற 1957ஆம் ஆண்டுப் படம். அங்குப் பயின்றவர்களுள் ஒருவரான ராம் மோகன் பின்னாளில் இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியாக மதிக்கப்பட்டு, 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். திரைப்படப் பிரிவின் பணிகள் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

டிஸ்னி நிறுவனத்தில் 1930களில் பட்டறிவால் உருவான விதிகளை ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்ற இரு மூத்த கலைஞர்கள் 1981இல் வெளியிட்ட நூலில் பன்னிரண்டாகத் தொகுத்தளித்தனர். இன்று உலகெங்கும் பயிற்சி நிலையங்களில் இவையே பாடம். பன்னிரண்டையும் வரிசையாக ஒப்பிப்பது என் நோக்கமன்று. நம்மைச் சுற்றியுள்ள காட்சிகளைக் கொண்டு அவற்றுள் முதன்மையானவற்றை விளக்க முயல்கிறேன்.

எடையும் கால அளவும்

உயரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுவதாகக் கொள்வோம். ஒரு விநாடியில் அது ஏறத்தாழ 4.9 மீட்டர் விழும். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். முதல் 6 சட்டங்களில் தேங்காய் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். 12ஆம் சட்டத்தில், அதாவது பாதி நேரத்தில், கடந்திருப்பது மொத்தத் தொலைவில் கால் பங்கே. எஞ்சிய முக்கால் பங்கும் இரண்டாம் பாதியில் கடக்கப்படுகிறது. சம கால இடைவெளிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளரும் என்பது கலீலியோ கண்ட உண்மை. சித்திரக்காரர் இவ்விகிதத்தை விட்டுச் சம இடைவெளியில் வரைந்தாரானால், அந்தத் தேங்காய் கயிற்றில் கட்டி இறக்கப்படுவது போலத் தோன்றும், விழுவதாகத் தோன்றாது. மெல்லத் தொடங்கி வேகமடைதலும், வேகம் குறைந்து மெல்ல நிற்றலும் இயற்கையின் ஒழுங்கு. மேலே எறிந்த பந்தும் உச்சியை நெருங்குகையில் தயங்கியே திரும்புகிறது.

பொருளின் தன்மையை அதன் அமுக்கம் காட்டுகிறது. ரப்பர் பந்து தரையில் மோதுகையில் தட்டையாகிறது, எழும்புகையில் நீள்கிறது. தேங்காய் அவ்வாறு ஆவதில்லை. அமுங்கினாலும் நீண்டாலும் பொருளின் கன அளவு மாறலாகாது. அகலம் கூடினால் உயரம் குறைய வேண்டும். இது சித்திரக்காரரின் கற்பனை என்று எண்ண வேண்டா. கோயில் யானை நடக்கையில் அதன் பாதத்தை உற்றுநோக்குங்கள். எடை தாங்கும்போது பாதம் விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. எவ்வளவு விரைந்து சென்றாலும் யானையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுவதில்லை. குதிரையின் ஓட்டத்தை யானைக்குப் பொருத்தி வரைந்த படம் சிரிப்பை விளைவிப்பதன் காரணம் இதுவே.

எடையைக் காட்டுவதற்கு எடையுள்ள பொருளே தேவையில்லை என்பதைக் கேரளத்தின் கூடியாட்டம் மெய்ப்பிக்கிறது. யுனெஸ்கோ 2001இல் சிறப்பித்த இக்கலையை இந்நகரின் மார்கி நிறுவனம் நெடுங்காலமாகப் பயிற்றுவித்து வருகிறது. இராவணன் கைலாய மலையைப் பெயர்த்தெடுக்கும் பகுதியில் நடிகர் கையில் ஏதும் இல்லை. மலையின் உயரத்தையும் அகலத்தையும் முதலில் கண்களால் அளக்கிறார். பின் கைகளை அடியில் செலுத்துகிறார். உடல் தாழ்கிறது, மூச்சு இறுகுகிறது, தோள்கள் சுமையை ஏற்கின்றன. பார்ப்பவர் மலையைக் காண்கின்றனர். அசைவூட்டப் பயிற்சி பெறும் மாணவர் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் இருத்தல் அரிது.

ஆயத்தமும் தொடர்ச்சியும்

புலி பதுங்குவது பாய்வதற்கே என்பது நம் பழமொழி. இதையே இரண்டாம் முக்கிய விதியாகக் கொள்ளலாம். எந்தச் செயலுக்கும் முன்னே அதற்கு எதிர்த் திசையில் ஒரு சிறு ஆயத்தம் உண்டு. குதிப்பவர் முதலில் குனிகிறார். எறிபவர் கையைப் பின்னுக்கு இழுக்கிறார். தென்னை ஏறுபவர் காலில் தளைநாரை மாட்டி, முழங்கால்களை மடக்கி உடலைச் சுருக்கியபின்னரே மேல்நோக்கி நீள்கிறார். இந்த ஆயத்தம் இருவகையில் உதவுகிறது. செயலுக்குரிய ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறது. அடுத்து நடக்கவிருப்பதைப் பார்ப்பவர் எதிர்நோக்கும்படி செய்கிறது. ஆயத்தமின்றி நிகழும் செயலைக் கண் தவறவிட்டு விடும்.

செயல் முடிந்தபின்னும் எல்லாம் ஒரே கணத்தில் நிற்பதில்லை. யானை நின்றபின் துதிக்கையும் செவியும் வாலும் தத்தம் நேரத்தில் அடங்குகின்றன. ஓடிவந்த சிறுமி நின்றாலும் அவளுடைய பின்னல் ஒருமுறை முன்னே வந்து திரும்புகிறது. உடலின் உறுப்புகள் வெவ்வேறு நேரத்தில் தொடங்கி வெவ்வேறு நேரத்தில் ஓய்வதே உயிருள்ளதன் அடையாளம். இவ்வசைவுகள் பெரும்பாலும் வளைகோட்டுப் பாதையிலேயே செல்கின்றன. தோளில் பிணைந்த கை வளைந்துதான் சுழல முடியும். நேர்கோட்டில் செல்லும் கை எந்திரத்தின் கையாகத் தெரியும்.

சங்குமுகம் போன்ற கடற்கரையில் மீனவர்கள் கரைவலை இழுப்பதைப் பார்ப்பவர் இவ்விதிகள் அனைத்தையும் ஒரே காட்சியில் காணலாம். குதிகால் மணலில் ஊன்றுகிறது, உடல் பின்சாய்கிறது, கயிறு விறைக்கிறது, பின்னரே வலை சிறிது நகர்கிறது. கயிறு இழுபடுவதற்கு முன்பே வலை நகர்வதாக வரைந்தால் உழைப்பு மறைந்து விடும். உழைப்பைப் பற்றிய படத்தில் உழைப்பு மறைவது சிறு பிழை அன்று.

கண் நிற்க வேண்டிய இடம்

ஒரு நேரத்தில் ஒரு கருத்து. அதுவும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும் என்பது காட்சி அமைப்பின் விதி. உருவத்தின் உட்பகுதியைக் கறுப்பாக நிரப்பிப் பார்த்தாலும், அது செய்யும் செயல் வெளிக்கோட்டைக் கொண்டே விளங்க வேண்டும் என்று பயிற்சியாளர் கூறுவர்.

நிழலைக் கொண்டே கதை சொல்லும் மரபு ஒன்று கேரளத்திலேயே இருக்கிறது. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் நிகழும் தோல்பாவைக் கூத்து கம்பராமாயணத்தை அடிப்படையாகக் கொண்டது. கூத்துமாடம் என்னும் நீண்ட மேடையில், வெண்திரைக்குப் பின்னே 21 விளக்குகளின் ஒளியில், தமிழ்ப் பாடல்களும் மலையாள விளக்கமும் கலந்து இரவுகள் தோறும் கதை நடக்கிறது. ஷொர்ணூரைச் சேர்ந்த கே. கே. ராமச்சந்திர புலவருக்கு 2021இல் இக்கலைக்காகப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இப்பாவைகளிற் பலவற்றுக்கு அசையும் உறுப்பு ஒரு கை மட்டுமே. ஆயினும் பேச்சின் அழுத்தம் விழும் கணத்தில் அக்கை உயர்வதால் பாவை பேசுவதாக அனைவரும் நம்புகின்றனர். அசைவின் அளவைவிட அது நிகழும் நேரமும், பிற உறுப்புகள் அசையாதிருத்தலும் கண்ணை உரிய இடத்தில் நிறுத்துகின்றன.

வளர்ச்சிப் பணியில் இவ்விதியைப் புறக்கணித்தால் நேரும் இடரைப் பல நாடுகளின் அனுபவம் காட்டியுள்ளது. நேபாளத்தில் யுனிசெஃப் துணையுடன் நடந்து 1976இல் வெளியான ஆய்வு, படம் இருந்தால் போதும், கருத்து தானே விளங்கிவிடும் என்ற எண்ணம் சரியன்று என்று உணர்த்தியது. பின்னணியில் சேர்க்கப்படும் தேவையற்ற பொருட்கள் கிராம மக்களைக் குழப்பின. வரிசையாக அடுக்கிய படங்களை இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும் என்ற பழக்கமும் எல்லோருக்கும் இருக்கவில்லை. அசைவூட்டப் படம் இந்த வரிசைச் சிக்கலைத் தீர்க்கவல்லது. ஏனெனில் காலமே வரிசையாகி விடுகிறது. ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பொருட்கள் அசைந்தால் குழப்பம் இருமடங்காகும்.

வயிற்றுப்போக்கால் துன்புறும் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தூய நீரில் ஒரு பொட்டலம் முழுவதையும் கொட்ட வேண்டும் என்பதே செய்தி. பொட்டலம் காலியாவது திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தக் கணத்தில் பின்னணியில் ஒரு பட்டாம்பூச்சி பறந்தால், காட்சி அழகு பெறலாம்; பாதிப் பொட்டலம் போதும் என்று தாய் நினைத்துவிடவும் கூடும். அதுபோலவே கைகழுவும் முறை. குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும் என்று 2020இல் பெருந்தொற்றின்போது நாடெங்கும் அறிவுறுத்தினோம். கைகழுவுதலை 3 விநாடியில் முடித்துவிடும் படம், ஒலிப்பதிவில் 20 என்று சொன்னாலும், கண்ணுக்கு 3 என்றே கற்பிக்கிறது. இத்தகைய படங்களில் கால அளவே அறிவுரையாக அமைகிறது.

சிக்கனத்தின் இலக்கணம்

இனிப் பொருளாதாரத்துக்கு வருகிறேன். ஒரு நிமிடப் படத்துக்கு 1,440 சட்டங்கள். ஒவ்வொரு சித்திரத்தையும் இரு சட்டங்களுக்கு நிறுத்துவது பொதுவான வழக்கம். அப்போதும் ஓர் உருவத்துக்கு 720 சித்திரங்கள் வேண்டும். பத்து நிமிடப் படத்துக்கு 7,200. மனித உழைப்பு அளவுக்குட்பட்டது. ஆகவே எந்த அசைவுக்கு எத்தனை சித்திரங்களை ஒதுக்குவது என்பது பற்றாக்குறை வளங்களைப் பங்கிடும் பிரச்சினையே.

ஜப்பானில் ஒசாமு தெசுகா 1963இல் ‘அஸ்ட்ரோ பாய்’ என்ற வாரத் தொடரைத் தொடங்கியபோது, சித்திரங்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார். நிலைத்த காட்சிகளையும் திரும்பத் திரும்பப் பயன்படும் அசைவுகளையும் கையாண்டார். கதையின் விறுவிறுப்பும் முக்கிய நிலைகளின் வலுவும் அக்குறையை ஈடுசெய்தன.

நம் நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டாக விளங்குவது 1974இல் வெளியான ‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’. விஜயா முளே இயக்க, பீம்சைன் அசைவூட்டம் செய்து, திரைப்படப் பிரிவு வெளியிட்ட குறும்படம் அது. எளிய கோட்டுருவங்களே அதில் உண்டு. வலையில் அகப்பட்ட பறவைகள் ஒன்றுசேர்ந்து வலையோடு எழுந்து பறக்கும் பழங்கதையே அதன் பொருள். ஒற்றுமை என்ற கருத்தை எந்தச் சொற்பொழிவும் இன்றி, ஒருசேர எழும் அசைவு ஒன்றே விளக்கி விடுகிறது. தூர்தர்ஷன் வழியே அதைக் கண்ட குழந்தைகள் இன்று நடுவயதினர். அவர்களிற் பலர் இன்னும் அதை மறக்கவில்லை. அதற்கடுத்து, 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி ஒளிபரப்பு நடைபெற்றது. தும்பாவில் 1963 நவம்பர் 21இல் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவிய அதே விண்வெளித் திட்டமே அச்சோதனைக்கு வழிவகுத்தது. இந்நகரில் இதைக் குறிப்பிடுவது பொருத்தமாகும்.

ஈர்ப்பு என்ற விதியையும் இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். யுனிசெஃப் 1990களில் தெற்காசியப் பெண்குழந்தைகளுக்காக உருவாக்கிய மீனா என்ற பாத்திரத்தை ராம் மோகன் திரையில் உயிர்பெறச் செய்தார். வங்கதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நான்கு நாட்டுச் சிறுமியரும் தம்மவள் என்று ஏற்கத்தக்க தோற்றமும் நடையும் அவளுக்கு வேண்டியிருந்தன. அழகு வேறு, ஈர்ப்பு வேறு. பார்ப்பவர் தம்மை அதில் காணுதலே ஈர்ப்பு.

புள்ளிவிவரங்கள் அசையும்போது

அண்மைக் காலத்தில் வரைபடங்களையும் எழுத்துகளையும் அசையச் செய்யும் முறை பரவியுள்ளது. ஆண்டறிக்கையின் பட்டை வரைபடம் திரையில் எழுந்து வளர்கிறது. வட்ட வரைபடம் சுழன்று பிரிகிறது. இங்கும் மேற்சொன்ன விதிகள் பொருந்தும். ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை.

பாத்திரங்களின் அசைவில் மிகைப்படுத்தல் ஏற்கத்தக்கது. கதகளி நடிகரின் கண்ணும் புருவமும் அன்றாட வாழ்வின் அளவை மீறியே இயங்குகின்றன; அதனால்தான் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கோபமும் துயரமும் எட்டுகின்றன. புள்ளிவிவரத்துக்கு இவ்வுரிமை இல்லை. 60 விழுக்காட்டைக் குறிக்கும் பட்டை துள்ளலுடன் 75 வரை உயர்ந்து பின் 60க்குத் திரும்பினால், பார்ப்பவர் மனத்தில் எந்த எண் தங்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு மாநிலங்களின் பட்டைகளுள் ஒன்று விரைந்தும் மற்றது தயங்கியும் வளர்ந்தால், இறுதி அளவு ஒன்றேயாயினும், முதலாவது முன்னேறியது, இரண்டாவது பின்தங்கியது என்ற தீர்ப்பை அசைவே வழங்கிவிடுகிறது. காலத்தைக் குறிக்கும் அச்சில் பத்தாண்டுகளை ஒரு விநாடியிலும் அடுத்த இரண்டாண்டுகளை ஐந்து விநாடியிலும் காட்டுவதும் அத்தகையதே. எண்களைத் திருத்தாமலே பொய் சொல்ல அசைவால் இயலும். ஆகவே மெல்லத் தொடங்கி மெல்ல முடித்தலைப் பயன்படுத்துக. எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே கால அளவு தருக. உரிய அளவைத் தாண்டிச் செல்லுதலைத் தவிர்க்க. இறுதி நிலையைப் படித்தறியப் போதிய நேரம் நிறுத்துக. அரசின் பெயரால் வெளிவரும் படத்துக்கு இந்த நேர்மை இன்றியமையாதது.

தொழிலும் தீர்மானிக்கும் உரிமையும்

திருவனந்தபுரத்தின் டெக்னோபார்க் 1990இல் தோன்றியது. டூன்ஸ் அனிமேஷன் நிறுவனம் 1999இல் இங்குத் தொடங்கப்பெற்றது. அது தயாரித்த தெனாலிராமன் தொடர் 2003இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் அறிந்த விகடகவி இந்நகரில் வரையப்பட்டு நாடெங்கும் சென்றது மகிழத்தக்க செய்தி.

ஆயினும் இத்தொழிலின் அமைப்பை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அசைவின் தொடக்கம், உச்சம், முடிவு ஆகிய முக்கிய நிலைகளை ஒருவர் வரைகிறார். அவற்றுக்கு இடைப்பட்ட சித்திரங்களை மற்றவர் நிரப்புகிறார். மேலை நாடுகளின் தொடர்கள் பலவற்றில் முக்கிய நிலைகளும் கால அளவும் அங்கே தீர்மானிக்கப்பட்டு, உழைப்பு மிகுந்த எஞ்சிய பணி கொரியா, பிலிப்பைன்ஸ், இந்தியா முதலிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. மதிப்பின் பெரும்பங்கு தீர்மானிப்பவரிடமே தங்கும் என்பது பொருளாதாரத்தின் எளிய பாடம். பருத்தியை ஏற்றுமதி செய்து துணியை இறக்குமதி செய்த நாட்டினருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கணினி வந்தபின் இடைச் சித்திரங்களை எந்திரமே கணித்துத் தருகிறது. இன்று சொல்லால் விவரித்தாலே அசையும் படத்தை உருவாக்கும் மென்பொருள்களும் வந்துள்ளன. இதனால் இடைநிரப்பும் வேலை குறையும் என்று மாணவர்கள் அஞ்சுவது இயற்கை. அந்த அச்சத்தில் உண்மை உண்டு. ஆனால் ஜான் லாசெட்டர் 1987இல் அமெரிக்காவில் கணினி வரைகலை மாநாட்டில் அளித்த கட்டுரையை நினைவுகூர்தல் தகும். கணினி வந்ததால் பழைய விதிகள் வழக்கொழியவில்லை. அவற்றை அறியாதவர் கையில் கணினி உயிரற்ற அசைவையே விரைவாக உற்பத்தி செய்யும் என்பது அதன் சாரம். எடை எங்கே விழுகிறது, எந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும், எதை அசைக்காமல் விட வேண்டும் என்ற தீர்ப்பு மனிதரிடமே உள்ளது. மாணவர்கள் மென்பொருளின் பொத்தான்களைக் கற்பதோடு அமையாது, கடற்கரையிலும் சந்தையிலும் கூத்துமாடத்திலும் நின்று அசைவைக் கற்க வேண்டும். தீர்மானிப்பவராக உயர்வதற்கு அதுவே வழி. மும்பையில் இத்துறைக்கென ஒரு தேசிய உயர்திறன் மையம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்துள்ளது. அத்தகைய நிறுவனங்களின் பயன் எத்தகைய மாணவர்களை உருவாக்குகின்றன என்பதைப் பொறுத்தே அமையும்.

அலுவலர்கள் செய்யத்தக்கவை

அலுவலக நண்பர்களுக்குச் சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ஒப்பந்தப்புள்ளி முறை பற்றியது. ஒரு நிமிடப் படத்துக்கு இவ்வளவு என்று மட்டும் கேட்டு, மிகக் குறைந்த விலையை ஏற்றால், வழுக்கிச் செல்லும் பொம்மைகளே கிடைக்கும். விலை குறையக் குறைய முதலில் வெட்டப்படுவது ஆயத்தமும் தொடர்ச்சியுமே. ஏனெனில் அவை பட்டியலில் தோன்றுவதில்லை. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் ஆலோசனைச் சேவைகளுக்குத் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிட இடமளிக்கின்றன. நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், தரம் முதன்மையானது என்று தகுதியுள்ள அதிகாரி அறிவிக்கும் பிற பணிகளுக்கும் இம்முறையை விரித்து, தரத்துக்கு 30 விழுக்காடு வரை மதிப்பளிக்க அனுமதித்தன. விதிகள் தடை என்று கூறுவதற்குமுன் விதிகளைப் படித்தல் நன்று.

இரண்டாவது, ஒப்புதல் அளிக்கும் வேளை. கதையைக் கட்டங்களாக வரைந்த நிலையிலும், அக்கட்டங்களை ஒலியோடு சேர்த்துக் காலப்படி ஓட்டிப் பார்க்கும் நிலையிலும் திருத்தம் சொல்வது எளிது, செலவும் குறைவு. முழுப்படமும் முடிந்தபின் ‘இந்தப் பெண்ணின் புடவையை மாற்றுக’ என்று குறிப்பெழுதினால் நூற்றுக்கணக்கான சித்திரங்கள் வீணாகும். கோப்பு மேலிடம் செல்ல வேண்டுமாயின் அந்த முதல் நிலையிலேயே செல்லட்டும்.

மூன்றாவது, ஒலியை நிறுத்திப் பார்த்தல். ஒலியின்றி ஓட்டியபோது செய்தியின் சாரம் விளங்கவில்லையெனில் அசைவு தன் பணியைச் செய்யவில்லை என்பது பொருள். பல மொழி மாநிலங்களுக்கு ஒரே படத்தை அனுப்பும் நம் நாட்டில் இச்சோதனை மிகவும் பயனுடையது.

நான்காவது, யாருக்காகப் படம் எடுக்கிறோமோ அவர்களிடம் முன்னதாகக் காட்டுதல். பத்துப் பேர் போதும். படம் பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டா. கண்டதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பொட்டலம் முழுவதையும் அந்தத் தாய் கொட்டினாளா, பாதியைக் கொட்டினாளா என்பதை விடச் சிறந்த மதிப்பீடு வேறில்லை.

நண்பர்களே, இவ்விதிகளுள் எதுவும் செலவு மிக்க கருவிகளைக் கோரவில்லை. உலகம் எவ்வாறு அசைகிறது என்பதை உன்னிப்பாகக் காண்பதையும், பார்ப்பவரின் அறிவை மதிப்பதையுமே கோருகின்றன. நம் கிராமத்து மக்கள் உழைப்பையும் எடையையும் தம் உடலால் அறிந்தவர்கள். அவர்களுக்குக் காட்டப்படும் படம் அந்த அறிவுக்கு ஒத்திருந்தால் அதன் செய்தியையும் ஏற்பார்கள். ஒவ்வாதிருந்தால் செய்தி எவ்வளவு நல்லதாயினும் அதை ஐயத்தோடே நோக்குவார்கள். மாணவர்கள் இக்கலையை இப்பொறுப்புணர்வோடு பயில வேண்டும் என்றும், அலுவலர்கள் அதற்குரிய சூழலை அமைத்துத் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.